பதினெட்டு ஆண்டு காத்திருந்த பாட்டு

இன்று பாடப்புத்தகத்தில் இல்லாத கொஞ்சம் வரலாறு.

2006இல் வந்த 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகி பீகி' பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அதன் மூலம் 'ப்ரிதிபி' (பூமி) என்ற வங்கப் பாட்டு. அதைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது, கலைந்துபோன ஓர் இசைக்குழுவின் கதை.

குழுவின் பெயர் 'மொஹீனேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள். கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். 1970களின் நடுவில் கொல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாய் நண்பர்களோடு தொடங்கினார். நக்சல்பாரி இயக்கத் தொடர்பால் சிறை சென்று வந்தவர் அவர். ஊர் ஊராய்ப் பாடிச் செல்லும் பாவுல்களின் நாட்டுப்பாட்டையும் மேல்நாட்டு கிதாரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். பாட்டில் நகரத்து வாழ்க்கையும் அதன் தவிப்பும் இருந்தன.

1977இல் முதல் இசைத்தட்டு. கலங்கிய பறவைகளையும் கல்கத்தாவையும் பற்றியது என்று பொருள்படும் நீண்ட தலைப்பு. 1978இல் ஒன்று, 1979இல் ஒன்று. மூன்றிலும் உள்ள பாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாகூர் பாட்டிலும் சினிமாப் பாட்டிலும் ஊறிய காதுகளுக்கு அது ஒட்டவில்லை. 1981 வாக்கில் குழு கலைந்தது. கௌதம் சினிமா எடுக்கப் போனார். அவருடைய 'நாக்மோதி' தேசிய விருது பெற்றது.

அந்த ஆண்டுகளில் நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். இங்கே எங்கள் காதில் இலங்கை வானொலியும் இளையராஜாவும்தான். கொல்கத்தாவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை விடவில்லை. ஒருவர் பாட, இன்னொருவர் கற்றுக்கொள்ள, வாய்வழியே பிழைத்தன. 1995இல் கௌதம் இளைஞர்களைச் சேர்த்து, 'மீண்டும் இருபது ஆண்டுக்குப் பின்' என்று பொருள்படும் பெயரில் ஒரு தொகுப்பை கொல்கத்தா புத்தகக் காட்சியில் வெளியிட்டார். இம்முறை வங்கமே கேட்டது. 1999இல் அவர் காலமானார். இன்று வங்க ராக் இசையின் தொடக்கமாக அந்தக் குழுவைச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். திண்டுக்கல்லும் பண்ணைப்புரமும் ஒரே மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், பாவலர் வரதராசன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிவந்தார். 1973இல் அவர் மறைந்தார். தம்பி இளையராஜாவை உலகம் அறியும். அந்த மேடைப் பாட்டை நேரில் கேட்டவர்களோ இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள்.

காலத்தில் கவனிக்கப்படாத பாட்டு தோற்ற பாட்டு அல்ல. யாராவது ஒருவர் எடுத்து வைத்திருந்தால் அது திரும்பி வரும். வைக்காவிட்டால் வராது.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். பரணில் பழைய கேசட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். செல்போனில் பதிந்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் நாற்று நடவில், கூட்டத்தில், திருவிழாவில் கேட்ட பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கீழே குறிப்பும் எழுதுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.