புகுமுன் கற்றிருக்க வேண்டியவை: பார்த்திவபுரச் செப்பேட்டில் சட்டர் தகுதி

கேரளத்துப் பாறசாலையிலிருந்து களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து முஞ்சிறைப் பக்கம் போனால் பார்த்திவபுரம். 1956 நவம்பர் 1 அன்று, இவ்வூர் அடங்கிய விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் ஆய் மன்னர்களின் விழிஞம் ஒரு மாநிலத்து வரலாற்றிலும், அவர்கள் கண்ட சாலை இன்னொரு மாநிலத்து வரலாற்றிலும் தனித்தனியே பேசப்படுகின்றன.

ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் பார்த்திவபுரச் செப்பேடு கலி நாள் 1449087, அதாவது கி.பி. 866 என்று காலத்தைத் தெளிவாகத் தருகிறது. முஞ்சிறைச் சபையிடம் மாற்றாகப் பெற்ற நிலத்தில் திருமாலுக்குக் கோயில் எடுத்து, 95 சட்டருக்கு, அதாவது வேதம் பயின்ற பிராமணருக்கு, உண்டு தங்கிக் கற்கும் சாலை அமைத்தான். வேதக் கிளைவாரியாகப் பவிழியர் 45, தைத்திரியர் 36, தலவகாரர் 14. ஒழுங்கெல்லாம் காந்தளூர் மரியாதைப்படி, அதாவது காந்தளூர்ச் சாலையில் வழங்கிய நடைமுறைப்படி.

வரலாற்றாசிரியர் எம். ஜி. எஸ். நாராயணன் இத்தகைய சாலைகளை வேதக் கல்வியும் ஆயுதப் பயிற்சியும் சேர்ந்த நிறுவனங்களாகக் கண்டார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் இதை முடிந்த முடிவாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர் வாசிப்புக்கு முதல் தூண், சட்டர் கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்னும் விதி. தடை இருந்தால் ஆயுதமும் இருந்திருக்கும் என்பது சரியே. ஆனால் அதே செப்பேடு வசை பேசுவதற்குத் தண்டம் விதிக்கிறது. மடத்தில் பணிப்பெண்களை வைத்திருப்பதையும் தடுக்கிறது. இவற்றை வைத்து, சாலையில் வசை கற்பித்தார்கள் என்று எவரும் சொல்வதில்லை. தடைவிதி நடத்தையைக் காட்டும், பாடத்திட்டத்தைக் காட்டாது. இரண்டாம் தூண் குவலயமாலை. அதில் வரும் விசயபுரி மடத்து மாணவர் வில்லும் வாளும் பயில்வது உண்மை. ஆனால் அந்நூல் 779இல் ராஜஸ்தானத்து ஜாலோரில் எழுதப்பட்ட பிராகிருதக் கதை. அதை முஞ்சிறைக் கரையின் செப்பேட்டுக்கு உரையாக வைப்பதற்கு, இரண்டையும் இணைக்கும் சான்று வேண்டும். 'சட்டர்' என்ற சொல் ஒற்றுமை மட்டும் அதற்குப் போதாது.

அவர் விரைந்து கடந்துபோன இடத்தில்தான் நான் நிற்கிறேன்: புகுவோருக்கான தகுதி. இலக்கணமும் புரோகிதமும் அறிந்து, திரைராஜ்ய வியவகாரத்துக்கு, அதாவது மூன்று அரசுகளின் நடைமுறைக்கு, வேண்டிய அறிவும் உடையவரே புகலாம். மூன்று அரசுகள் என்பது சேர, சோழ, பாண்டியரைக் குறிக்கும் என்ற பெரும்பான்மைக் கருத்தை ஏற்கிறேன். அப்படியானால் இவர் அரிச்சுவடி பிடிக்க வந்த சிறுவரல்லர். முதற்கல்வியை முடித்து, மூன்று நாட்டு நடைமுறையையும் மனத்தில் தாங்கிய முதிர்ந்தவர். ஓதியதை மறவாமல் வைத்திருக்கவும் மேலே கற்கவும் அவருக்கு உணவும் துணையும் தந்த இடம் சாலை. சான்று மெலிந்ததுதான், ஆனாலும் ஆயுத வாசிப்பைவிடச் செப்பேட்டின் சொற்களுக்கு இது நெருங்கியது.

முதிர்ந்த மூளைக்கு இத்தகைய வாழ்க்கை என்ன செய்திருக்கும்? வயது ஏறும்போது நினைவுக்கு உரிய ஹிப்போகாம்பஸ் மெல்லச் சுருங்கும். ஜேம்ஸ் ஹார்ட்செல் குழு டெல்லிப் பகுதியின் 21 வேத பண்டிதர்களை மற்ற 21 பேரோடு ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில், பண்டிதர்களின் வலப்புற ஹிப்போகாம்பஸில் சாம்பல் திசு கூடுதலாக இருந்தது; மூளையின் உட்பகுதிகள் சிலவற்றில் குறைந்தும் இருந்தது. அவர்கள் இளமையிலேயே ஓதத் தொடங்கியவர்கள். ஆகவே முதுமையில் ஓதினால் மூளை காக்கப்படும் என்பதற்கு இதைச் சான்றாக்க மாட்டேன்.

இருமொழி வழங்கும் இந்த எல்லைப் பகுதிக்கு இன்னும் பொருந்துவது சுவர்ணா அல்லாடி குழுவின் 2013ஆம் ஆண்டு ஆய்வு. ஹைதராபாதில் மறதிநோய் கண்ட 648 பேரில் 391 பேர் இருமொழியினர் அல்லது பன்மொழியினர். அவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு பிந்தியே வந்திருந்தது. எழுத்தறியாதவரிடமும் இந்த வேறுபாடு இருந்தது. மூன்றாம் மொழி கூடுதல் பயன் தரவில்லை. இவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டில் தமிழ், பள்ளியிலும் வில்லேஜ் ஆபீசிலும் மலையாளம் என்று நாளெல்லாம் மாறி மாறிப் பேசும் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமத்து முதியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். வடசொல் விரவிய தமிழில் வரையப்பட்ட அந்தச் செப்பேட்டின் சட்டரும் இருமொழியினரே. ஆனால் 866க்கும் இன்றைய கிராமங்களுக்கும் இடையே அறுபடாத ஒரு மரபை நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை.

சட்டரின் வயதையோ அவர் தங்கிய ஆண்டுகளையோ செப்பேடு சொல்லவில்லை. காந்தளூர் மரியாதை 866க்கு முந்தியது என்பது உறுதி. எத்தனை தலைமுறை முந்தியது என்பதற்கு இந்தச் செப்பேட்டில் விடையில்லை.