தொண்டை மண்டலத்தில் ஒரு சமண உழவர் வீடு

அகமதாபாத்துக்கு நான் துணி வியாபாரத்துக்காக வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் மஸ்கதி மார்க்கெட்டில் ஒரு குஜராத்தி ஜைனப் பெரியவர் என்னைக் கேட்டார்: “நீ ஜைனன் என்கிறாய். உன் அப்பா விவசாயி என்கிறாய். ஏர் ஓட்டினால் மண்ணில் உள்ள உயிர் சாகாதா? இது எப்படி?” எனக்கு அப்போது பதில் தெரியவில்லை, சிரித்து மழுப்பினேன். அதற்குப் பிறகு நானாகப் படித்துத் தேடிய பதிலைத்தான் இந்த மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்கிறேன். இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ்ச் சமணர்களாகிய நாங்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நயினார் என்பது எங்கள் பட்டப்பெயர். போளூருக்கு அருகே திருமலையில் சோழ இளவரசி குந்தவை பெயரால் அமைந்த ஜினாலயம் இன்றும் இருக்கிறது. மேல்சித்தாமூரில் எங்கள் மடம் உள்ளது. வடக்கே ஜைனர் என்றால் வியாபாரி. எங்கள் பக்கத்திலோ நயினார் என்றால் நிலத்துக்காரர். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களில் வாள், எழுத்து, கல்வி, வாணிகம், சிற்பம் ஆகியவற்றோடு உழவும் ஒன்று என்று எங்கள் புராணங்கள் கூறுகின்றன. இம்சையையும் நான்காகப் பிரித்தார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் “குறைத்துக்கொள்” என்ற சொல்லுக்கு உரை எங்கே கிடைக்கும் என்று புத்தகங்களில் தேடினேன். அது வந்தவாசிக்குத் தெற்கே நான் பிறந்த வீட்டிலேயே இருந்தது.

மூன்று கட்டு வீடு அது. திண்ணை, நடை, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் மாட்டுக் கொட்டகை, கிணறு. மேலே நாட்டு ஓடு. அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் குடும்பத்தோடு இருந்ததால், பிள்ளைகள் நாங்கள் பதினொரு பேர். வாசல்படி நிலை தாழ்வாக இருக்கும். வருகிற மாப்பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது தலையில் இடித்துக்கொண்டார்கள். “பணிவு வரட்டும்னுதான் பெரியவங்க அப்படி வச்சாங்க” என்பார் தாத்தா. எனக்கு அது பின்னால் சேர்த்த விளக்கமாகத்தான் படுகிறது. ஓட்டுக் கூரை சரிந்து இறங்கும்போது வெளிச்சுவர் தாழ்ந்துதான் ஆகும்; சுவர் தாழ்ந்தால் நிலையும் தாழும்.

கூடத்து மூலையில் மண் குதிர் இரண்டு நின்றன. உறை உறையாக அடுக்கிப் பூசியவை. மேலே வாய், அடியில் கையளவு துளை. அறுவடைக்கு முன் குதிர் காலியானதும், சின்னப் பிள்ளையாகப் பார்த்து உள்ளே இறக்கிப் பெருக்கச் சொல்வார்கள். எட்டு வயது வரை அந்த உத்தியோகம் என்னுடையது. உள்ளே இருந்து கத்தினால் குரல் கிணற்றுக்குள் கேட்பது போல வரும். நெல்லை நன்றாகக் காயவைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் இடையிடையே போட்டுக் கொட்டுவார்கள். வந்த பூச்சியைக் கொல்வதைவிட வராமல் பார்த்துக்கொள்வது மேல் என்பது ஆயாவின் சித்தாந்தம். மரக்காலில் நெல் அளக்கும்போது தாத்தா “ஒன்று” என்று தொடங்க மாட்டார். “லாபம்” என்பார், அப்புறம் “இரண்டு”. மெட்ரிக் அளவை 1958இலேயே நாட்டில் நடைமுறைக்கு வரத் தொடங்கிவிட்டது. எங்கள் கூடத்துக்குள் அது வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

கிணற்றில் இறைத்த தண்ணீரைக் கெட்டித் துணியை இரட்டையாக மடித்து வடிகட்டுவார்கள். அதோடு வேலை முடியாது. துணியைத் திருப்பிப் பிடித்து, அலசிய தண்ணீரைக் கிணற்றிலேயே விட வேண்டும். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் அவற்றின் இடத்துக்கே போக வேண்டுமாம். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் நான் தரையில் உதறிவிட்டால் அன்று திட்டு விழும்.

பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். முற்றத்து வெயில் கிழக்குத் தாழ்வாரத் தூணில் ஏறினால் இலை போடும் நேரம், கடிகாரம் தேவைப்படவில்லை. மழைக்காலத்தில்தான் வேடிக்கை. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும். பக்கத்துத் தெருவில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்பார்கள். எங்கள் வீட்டிலோ ஆயா மாடக்குழி விளக்கையும் அணைத்துவிடுவார். பதினொரு பிள்ளைகளும் இருட்டில் உட்கார்ந்து ஸ்ரீபுராணக் கதை கேட்போம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு முன், கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் அதை முறையாகப் படித்து வந்ததை அறிந்து, அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார் என்பது யாவரும் அறிந்தது. நூல்கள் வீட்டில் உயிரோடு இருந்தன என்று அதைப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை.

இங்கே அகமதாபாத்தின் பழைய போள் வீடுகளைப் பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்தது. நடுவில் முற்றம், அதன் அடியில் மழைநீர் சேர்க்கும் டாங்கா. தெருமுனையில் பறவைகளுக்குத் தானியம் போடும் சபூத்ரோ. எங்கள் வீட்டில் அதற்குப் பதில் வாசல் உத்தரத்தில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டித் தொங்கவிடுவார்கள், குருவிக்காக. மொழி வேறு, கூரை வேறு, எண்ணம் ஒன்று.

இப்போது அந்த இன்னொரு காரணம். ஊரில் இருக்கும் தம்பி சென்ற மாதம் போன் செய்தான். வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டப்போகிறான். என் கையெழுத்து வேண்டும். நான் மறுத்தேன். வரலாறு, பண்பாடு என்றெல்லாம் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அண்ணா, நீ அங்க மொசைக் தரையில படுத்துக்கிட்டுப் பேசற. நாட்டு ஓடு சுடற ஆள் நம்ம பக்கத்துல இப்ப இல்ல. குரங்கு ஓட்டைக் கலைச்சா ஏணி வச்சு ஏறுறது நானு. எனக்கும் அறுபது ஆவுது. போன மழையில அம்மா படுத்திருந்த இடத்துல ஒழுகிச்சு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அதோடு என் மீதும் ஒரு குற்றம் உண்டு. கடைக்கு முதல் தேவைப்பட்டபோது, அந்த வீட்டுத் தேக்குத் தூண் இரண்டை விற்கச் சொல்லி அப்பாவை வற்புறுத்தியவன் நான்தான். அந்த இடத்தில் இன்றும் சிமெண்டுத் தூண் நிற்கிறது. வீட்டை இடிக்கத் தொடங்கியது தம்பி அல்ல.

யோசித்துப் பார்த்தேன். குதிரும் முற்றமும் சமணருக்கு மட்டும் உரியவை அல்ல. அந்த வட்டாரத்து உழவர் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். எங்களுடையது என்று சொல்லத்தக்கது துணியைத் திருப்பி அலசியதும் ஈசலுக்கு விளக்கணைத்ததும்தான். அவற்றைச் செய்ய நாட்டு ஓடு வேண்டியதில்லை. மார்க்கெட்டில் அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொங்கலுக்குப் போய் டேப் பிடித்து அறை அறையாக அளந்து, படம் வரைந்து, எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரப்போகிறேன். வெளி மாநிலத்தில் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். இருக்கும்போதே அளந்து வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.