பிட்யூட்டரிக் கட்டி அறுவை: திருவரங்குளத்திலிருந்து ஒரு பார்வை

பிட்யூட்டரி சுரப்பி மூளையின் அடியில், மூக்கறைக்குப் பின்னுள்ள ஸ்பீனாய்டு எலும்பின் குழியில் இருக்கிறது. எடை சுமார் அரை கிராம். இதில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாத அடினோமாக்கள். ஆனால் இடம் நெருக்கடியானது. மேல்நோக்கி வளரும் கட்டி பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தி இரு கண்களிலும் ஓரப் பார்வையைக் கெடுக்கும். சில கட்டிகள் ஹார்மோனை மிகையாகச் சுரந்து, கைகால்களும் தாடையும் பருக்கும் அக்ரோமெகலியையோ கார்ட்டிசால் மிகும் குஷிங் நோயையோ உண்டாக்கும். இதெல்லாம் பெருநகர மருத்துவமனையின் வேலை என்பது பொதுக்கருத்து. கத்தியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆயினும் சிகிச்சையின் வெற்றியில் கணிசமான பங்கு, புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவரங்குளம் போன்ற ஊர்களில்தான் தீர்மானமாகிறது.

மூக்கு வழியாக இக்கட்டியை முதலில் அகற்றியவர் இன்ஸ்பிரக் நகரின் ஹெர்மன் ஷ்லோஃபர், 1907இல். அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1910 முதல் 1925 வரை இவ்வழியில் 231 அறுவைகள் செய்தார், இறப்பு 5.6 விழுக்காடு. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது வியப்பான கணக்கு. பிறகு அவரே மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கு மாற, மற்றவர்களில் பெரும்பாலோரும் அவர் பின்னே போனார்கள். 1960களில் மான்ட்ரியலின் ஜூல் ஹார்டி அறுவை நுண்ணோக்கியைச் சேர்த்து மூக்கு வழிக்கு மறுவாழ்வு தந்தார். அதே மான்ட்ரியலில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. 1990களில் எண்டோஸ்கோப் வந்தபின், பல இடங்களில் காது மூக்கு தொண்டை மருத்துவரும் நரம்பறுவை மருத்துவரும் சேர்ந்தே இயங்குகிறார்கள். 2017இல் திறந்த புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இதைச் செய்யலாமே, ஏழையை ஏன் அலையவிட வேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் நோய் அரிது. அடிக்கடி செய்யும் குழுவிடமே மூளைநீர்க் கசிவு முதலான சிக்கல்கள் குறைகின்றன. ஆகவே கத்திக்குத் தொலைவு செல்வது நஷ்டமல்ல.

நஷ்டம் வேறிடத்தில். மாதவிடாய் நின்று, பிரசவமின்றியே பால் சுரக்கும் பெண்ணை வெறும் குழந்தையின்மையாகக் கருதி ஆண்டுகள் கழிகின்றன. இரத்தத்தில் பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் அளவைப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்: அந்த ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும், அறுவையே தேவைப்படாது. அறுவையான பின்னும் ஆபத்து ஊர் திரும்புகிறது: ஒரு வாரம் கழித்துச் சோடியம் திடீரெனக் குறையலாம். வாந்தி, தலைவலி, குழப்பம் என வருபவருக்குச் சோடியம் பார்க்காமல் குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவது அதை இன்னும் குறைத்துவிடும். அறுவைக்குப் பின் கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்தவர், அதற்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசியாகப் போட வேண்டும். அரிய நோய்க்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்கலாம். தேவைப்படுவது ஒரு சோடியம் பரிசோதனை, ஒரு மருந்து, நோயாளியின் கையில் ஒரு குறிப்பு அட்டை. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீடுவரை கொண்டுசெல்கிறது. அந்தப் பையில் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் இடமுண்டு. கட்டிக்குள் இரத்தம் கசிந்து, கடும் தலைவலியுடன் பார்வை மங்கும்போது மட்டும் ஊரில் காத்திருக்கக் கூடாது: அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, உடனே 108 வண்டி.