உறுப்பு மாற்று சிகிச்சை: காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு பார்வை

செயலிழந்த சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றுக்கு ஈடாக இன்னொருவரின் உறுப்பைப் பொருத்தி உயிர் காப்பது உறுப்பு மாற்று சிகிச்சை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில், மாம்பழத்துக்கும் நிப்பட்டுக்கும் பேர்போன காவேரிப்பட்டினத்தில் ஒருவருக்கு இது தேவைப்பட்டால், வீட்டில் எழும் கேள்வி பெங்களூரா, சென்னையா என்பதே. பெங்களூரு ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவு. சென்னை அதைப்போல் இரண்டரை மடங்கு.

இந்தத் தூரம் மருத்துவக் கணக்கிலும் சேரும். உடலிலிருந்து எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். கல்லீரல் 12 மணி நேரம்வரை தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள்வரை பொறுக்கும். ஆகவே சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் போன் வந்தபின் ஊரிலிருந்து கிளம்பலாம். இதயத்துக்குக் காத்திருப்பவர் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குவதுதான் நல்லது.

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சை மக்கள் பேச்சாக மாறியது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன், 15 வயது ஹிதேந்திரன், இருசக்கர வாகன விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தனர். சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு, போக்குவரத்தை நிறுத்தி, காவல்துறை வாகனத்தில் 11 நிமிடங்களில் கொண்டுபோகப்பட்ட அவனுடைய இதயம் 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அவள் பெங்களூருக்காரி. மாநில எல்லை தானத்துக்குக் குறுக்கே நிற்காது என்பதை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தார் நினைவில் வைக்க வேண்டிய செய்தி அது. அந்த ஆண்டே தமிழக அரசு இறந்தவர் உறுப்புகளை வரிசைப்படி பகிரும் திட்டத்தைத் தொடங்கியது. அதை இன்று தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. கர்நாடகத்தில் அந்தப் பணி ஜீவசார்த்தகதே என்ற அமைப்பின் பொறுப்பு. உறுப்புக்குப் பதிவு செய்ய அந்தந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் ஒன்றிய அரசு நீக்கியது. ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை எல்லை தாண்டுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உயிரோடிருப்பவரும் சிறுநீரகமோ கல்லீரலின் ஒரு பகுதியோ தரலாம். 1998இல் காஞ்சிபுரத்துக் கைக்குழந்தைக்குத் தந்தையின் கல்லீரல் பகுதி தில்லியில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி கண்ட முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார். எனினும் நம் நாட்டில் இப்படித் தருபவர்களில் பெரும்பாலோர் அம்மாக்களும் மனைவிகளுமே. ஆண்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

சிறுநீரக மாற்றில் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை. புதியது அடிவயிற்றின் ஓரத்தில் வைக்கப்படுகிறது. டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்பு அதற்குப் பிறகும் விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்ட இடம் அது. இனி அந்தக் கை ஓய்வில் இருக்கும். மாத்திரைக்கு மட்டும் ஓய்வில்லை. புதிய உறுப்பை உடல் அந்நியமாகவே பார்க்கும் என்பதால் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை நேரம் தவறாமல் ஆயுளுக்கும் விழுங்க வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும் பம்ப்ளிமாசு ஆகாது. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஆகாது. உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துபவர் கிடைத்த சிறுநீரகத்தை இழக்க நேரலாம்.

இறந்தவரின் உறுப்பு தானத்துக்கு அடிப்படையான மூளைச்சாவு கோமா அல்ல. அதிலிருந்து யாரும் மீள்வதில்லை. மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே அதை உறுதி செய்கிறது. ஆனால் வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே குடும்பம் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தானம் தருபவரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தான அட்டையில் கையெழுத்திட்டிருந்தாலும் நடைமுறையில் குடும்பத்தாரின் சம்மதமே முடிவு செய்கிறது. தானம் செய்ய நினைப்பவர்கள் அதை இன்றே வீட்டில் உள்ளவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள்.