இந்திய அமைதி காக்கும் படை: முன்னாள் வீரர்களின் நலனும் நினைவேந்தலும்

இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்றது இந்திய அமைதி காக்கும் படை. போராளிகளிடமிருந்து ஆயுதங்களை வாங்கி வைப்பதும் போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பதும்தான் அதற்குத் தரப்பட்ட வேலை. அக்டோபரிலேயே அது விடுதலைப் புலிகளோடு மோதும் படையாகிவிட்டது. உச்சத்தில் சுமார் 80,000 பேர் அங்கே இருந்தார்கள். கடைசி அணி கப்பலேறிய 1990 மார்ச்சுக்குள் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் உயிரிழந்திருந்தனர். காயமடைந்தவர்கள் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இறந்தவர்களை எந்தக் கணக்கில் நினைவுகூர்வது என்ற சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது. ஐ.நா. பணியில் இறக்கும் வீரர்களுக்கு மே 29 நினைவுநாளாக இருக்கிறது. டாக் ஹாமர்ஷீல்ட் பதக்கம் இருக்கிறது. அந்தப் பணிகளில் அதிக வீரர்களை இழந்த நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் இலங்கைக்குப் போன படை இரு நாட்டு ஒப்பந்தத்தில் போனது. நீலத் தொப்பி அணியவில்லை, ஐ.நா. பட்டியலிலும் வரவில்லை. 1965, 1971, கார்கில் போல வெற்றி விழா எடுக்கும் போராகவும் அதை அரசு கருதவில்லை. அயல்நாட்டுப் பணிக்கான 'விதேஷ் சேவா' பதக்கத்தில் 'ஸ்ரீலங்கா' என்று பொறித்த பட்டை மட்டும் கிடைத்தது.

இத்தனைக்கும், எதிரியின் முன் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதையே அரசு இந்தப் படைக்குத் தந்திருக்கிறது. எட்டாவது மகார் பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணம் கந்தரோடைப் பகுதியில் தேடுதல் முடித்துத் திரும்பும்போது அவரது அணி பதுங்கித் தாக்கப்பட்டது. சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு தாக்கியவர்களின் பின்பக்கம் சுற்றிப் போனார். நேருக்கு நேர் வந்த மோதலில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டுவிட்டு, உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. இந்தப் படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்புத் திடல் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. தேர்ச்சி பெறும் ஒவ்வொரு குழுவும் அங்கேதான் கடைசியாக நடைபோடுகிறது. ஆற்காடு சாலையிலுள்ள படையினர் குடியிருப்பும் 'பரமேஸ்வரன் விகார்'தான். 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா வீரர்களின் பெயர்களைச் சூட்டியபோது அவருக்கும் ஒரு தீவு வந்தது.

மற்றவர்களின் நிலை வேறு. படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பு. ஊருக்குத் திரும்பிய பட்டாளத்துக்காரர்களில் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களும் இருந்தார்கள். எங்கே போய் வந்தோம் என்பதைச் சொந்த ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத நிலை அவர்களுக்கு.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். அங்குள்ள ஊழியர்கள் ஆண்டுதோறும் இறந்த சக ஊழியர்களின் படங்களுக்கு முன் விளக்கேற்றுகிறார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் அதே படை நடத்திய கொலைகளும் அங்குள்ளவர்களுக்கு மறக்கவில்லை. பலாலியில் இந்திய வீரர்களுக்கும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஒரே மாவட்டத்தில் இரண்டு தரப்புத் துக்கம். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் அரைகுறைதான்.

பெரிய நினைவுச்சின்னம் எழுந்தது இலங்கைத் தலைநகரில். 1989இல் அதிபர் பிரேமதாசா கெடு வைத்து வெளியேறச் சொன்ன அதே படைக்கு, 2008இல் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில் இலங்கை அரசே நினைவிடம் கட்டியது. இறந்தவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் வரிசையாக இருக்கின்றன. இந்திய அதிகாரிகள் அங்கே முறைப்படி அஞ்சலி செலுத்தத் தொடங்கியது 2010இல். பிரதமர் மோடி 2015இலும் 2025இலும் அங்கே மலர்வளையம் வைத்தார். இந்தியாவுக்குள் அந்தப் பெயர்களைப் பொதுமக்கள் போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டுமென்றால், 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் திறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அரசு விழாவாக ஒரு நாள் குறிக்கும்படி முன்னாள் வீரர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். காத்திருந்த காலத்தில் தாங்களே அங்கு கூடி அஞ்சலி செலுத்தினார்கள்.

தாமதம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. 1961 செப்டம்பரில் காங்கோவின் ஜாடோவில் நகரில் ஐ.நா. பணியில் இருந்த அயர்லாந்துப் படையின் ஒரு கம்பெனி, 150க்குச் சற்று அதிகமான பேர், பல மடங்கு பெரிய எதிரிப்படையை ஐந்து நாள் தடுத்து நின்றது. தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்த பிறகே சரணடைந்தது. தளபதி பேட் குயின்லன் தன் ஆட்களில் ஒருவரைக்கூட இழக்கவில்லை. ஊர் திரும்பியபோது கிடைத்தது கோழைப் பட்டம். அவர்களுக்கென்று தனிப் பதக்கம் வந்தது 2017இல். குயின்லன் இறந்து இருபது ஆண்டுகளாகியிருந்தன. அதே காங்கோவில் 1961 டிசம்பர் 5 அன்று வீழ்ந்த இந்தியக் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கோ பரம் வீர் சக்ரா உடனே கிடைத்தது. அயர்லாந்தில் முன்னாள் ஐ.நா. வீரர்களின் சங்கம் 1989இலிருந்து ஆண்டு அஞ்சலியையும் உதவி மையங்களையும் நடத்தி வருகிறது. நினைவேந்தலும் நலப்பணியும் அங்கே ஒரே கூரையின் கீழ்.

இங்கே இரண்டும் தனித்தனி. பென்ஷனும் மருத்துவமும் அரசின் பொறுப்பு: 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம், 2015இல் ஆணையாக வந்த ஒரே பதவி ஒரே ஓய்வூதியம், டிசம்பர் 7 கொடிநாள் வசூலிலிருந்து வரும் உதவிகள். இலங்கையில் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இவற்றில் கிடையாது. உதாரணமாக, புதுச்சேரியில் முப்படை நலத்துறை இந்த நலப்பணிகளைக் கவனிக்கிறது. சுத்துக்கேணி மாதிரியான கிராமங்களில் இருப்பவர் மிலிட்டரி கேன்டீனுக்கோ மாத்திரைக்கோ நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். கணவரை இழந்தவர் என்றால் டிஸ்சார்ஜ் புக்கில் தன் பெயர் எந்த எழுத்தில் ஏறியிருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையில் ஒரு மாதிரி என்றால் அலைச்சல்தான்.

அதே புதுச்சேரியில் 'சொல்தா' என்றழைக்கப்படும் பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியர்களும் இருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தில் ஜூலை 14க்கும் நவம்பர் 11க்கும் அவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருகிறார்கள். பிரெஞ்சுத் துணைத் தூதரும் புதுச்சேரி அரசின் பிரதிநிதிகளும் மலர்வளையம் வைக்கிறார்கள். ஆட்சி கைமாறிய 1954க்குப் பிறகும் அந்த வழக்கம் நின்றுபோகவில்லை.