ஆமைகளுக்குப் பாடம் சொன்ன சிக்காகோ வணிகர்



பள்ளி விடுமுறையில் பழைய பெட்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, 1996ஆம் ஆண்டுப் பயிற்சி ஏடு ஒன்று கைக்கு அகப்பட்டது. மாணவர் ஏடு அன்று. என் பங்குக் கணக்கு ஏடு. அதன் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிய ஓர் எண் இருந்தது. அந்த எண்ணின் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். அதைக் கண்டதும் என் நினைவுக்கு வந்தது, ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிந்திருக்க வேண்டிய சந்தை வரலாறு ஒன்று. அதில் நம் பக்கத்து நாடான சிங்கப்பூருக்கும் சிறிது இடமுண்டு.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ரிச்சர்ட் டென்னிஸ் என்றொரு வணிகர் இருந்தார். 1949இல் பிறந்தவர். பதினேழாம் வயதில் பொருட்சந்தையில் கட்டளைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடும் பணியாளராகச் சேர்ந்தார். பின்னர்க் குடும்பத்தாரிடம் 1,600 டாலர் கடன் பெற்று, சிறிய சந்தையொன்றில் 1,200 டாலருக்கு உறுப்புரிமை வாங்கினார். கையில் எஞ்சியது 400 டாலர். இருபத்தைந்து வயதைக் கடந்தபோது அவர் கோடீசுவரர். பொன், சர்க்கரை, பருத்தி, நாணயம், அரசாங்கக் கடன்பத்திரம் என அனைத்தையும் முன்பேரச் சந்தையில் வாங்கி விற்றவர் அவர்.

அவருடைய பள்ளிக்கால நண்பர் வில்லியம் எக்கார்ட் கணிதம் கற்றவர். இருவருக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. சந்தையில் வெல்லும் ஆற்றல் பிறவியிலே வருவது என்றார் எக்கார்ட். இல்லை, கற்பித்தால் எவருக்கும் வரும் என்றார் டென்னிஸ். ஆசிரியர் அறைகளில் நாமும் நாள்தோறும் நிகழ்த்தும் விவாதந்தான். நாம் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவோம். அவர்கள் பணம் வைத்துச் சோதித்தார்கள்.

1983ஆம் ஆண்டின் இறுதியில் நாளிதழ்களில் விளம்பரம் வெளிவந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் விண்ணப்பித்தனர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் இரு வகுப்புகளாக இருபதுக்குச் சற்று அதிகமானோர் தெரிவுசெய்யப்பட்டனர். பாடம் இரண்டே வாரம். அதன்பின் ஒவ்வொருவர் கையிலும் டென்னிசின் சொந்தப் பணம். அதற்குச் சற்று முன்பு சிங்கப்பூரில் ஆமைப் பண்ணை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்த டென்னிஸ், அங்கே ஆமைகளை வளர்ப்பதுபோல் இங்கே வணிகர்களை வளர்ப்போம் என்று சொன்னாராம். மாணவர்களுக்கு ‘ஆமைகள்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

கற்பித்தவை யாவும் விதிகளே. ஒரு பொருளின் விலை கடந்த 20 நாள்களின் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு. 10 நாள்களின் தாழ்வுக்குக் கீழே சென்றால் விற்று வெளியேறு. நீண்ட காலத்திற்கு 55 நாள் உச்சமும் 20 நாள் தாழ்வும் அளவுகள். விலை இறங்கும் சந்தையில் இவற்றையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இந்த வழி டென்னிசின் கண்டுபிடிப்பும் அன்று. 1929ஆம் ஆண்டு வீழ்ச்சியில் பணம் இழந்த ரிச்சர்ட் டான்சியன் என்பவர், 1949இல் பொதுமக்களுக்கான முன்பேர நிதியத்தைத் தொடங்கியவர், நான்கு வார உச்சத்தை அடிப்படையாகக் கொண்ட விதியை முன்னரே வகுத்திருந்தார். நான்கு வாரம் என்பது சந்தைக் கணக்கில் 20 நாள்.

எப்போது வாங்குவது என்பதைவிட எவ்வளவு வாங்குவது என்பதே அந்த வகுப்பின் உயிர்நாடி என்பது என் கருத்து. ஒரு பொருளின் விலை நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று முதலில் கணக்கிடுவார்கள். அந்த அலைவின் இருமடங்கு எதிர்த்திசையில் சென்றால் நட்டத்தோடு வெளியேறிவிட வேண்டும். அப்படி வெளியேறும்போது இழப்பது மொத்தப் பணத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே, அலைவு மிகுந்த பொருளைக் குறைவாகவும் அமைதியான பொருளைக் கூடுதலாகவும் வாங்குவார்கள். நாளை என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இந்த முறையில் இடமே இல்லை. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, தெரியாமையின் அளவுக்கேற்பப் பணத்தைப் பங்கிடும் ஏற்பாடு இது.

கேட்பதற்கு எளிது. ஆனால், இம்முறையில் செய்யும் பத்து வணிகங்களில் ஆறோ ஏழோ சிறு நட்டத்தில் முடியும். எஞ்சியவற்றுள் ஒன்றிரண்டு பெரிய ஏற்றங்களே அனைத்தையும் ஈடுகட்டும். ஐந்து முறை தொடர்ந்து நட்டப்பட்டவன் ஆறாவது முறையும் விதி சொல்கிறது என்று வாங்க வேண்டும். அங்கேதான் மனம் முரண்டு பிடிக்கிறது. ஒரே வகுப்பில் ஒரே பாடம் கேட்ட ஆமைகளுள்ளும் சிலர் தொடக்கத்திலேயே விதிகளை முழுமையாகப் பின்பற்றவில்லை. சிலர் இடையில் விலக்கப்பட்டனர். சிலர், ஜெர்ரி பார்க்கர் போன்றோர், பின்னாளில் சொந்த நிறுவனம் நடத்துமளவுக்கு உயர்ந்தனர். விதிகளை நாளிதழில் அச்சிட்டாலும் பின்பற்றுவோர் மிகச் சிலரே என்பது டென்னிசின் எண்ணம். 2003இல் அவ்விதிகள் இணையத்தில் இலவசமாகவே வெளிவந்தன. அதனால் உலகம் ஆமைகளால் நிறைந்துவிடவில்லை.

இந்தச் சோதனையில் டென்னிஸ் வென்றார் என்று எழுதுவது வழக்கம். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாணவர்கள் ஈட்டிய ஆதாயம் 17 கோடி டாலருக்கு மேல் என்று கூறப்படுகிறது. எனினும், ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆயிரம் பேரிலிருந்து இருபது பேரைச் சலித்தெடுத்த பிறகு கற்பிப்பதன் வல்லமையைப் பேசுவது எப்படிப் பொருந்தும்? நம் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொள்கிறோம். அந்த வகுப்பில் கற்பித்துக் காட்டியிருந்தால் நானும் தயங்காமல் கைதட்டியிருப்பேன். எக்கார்ட் பாதியாவது வென்றார் என்றே கருதுகிறேன்.

ஆசானின் முடிவும் சொல்லத்தக்கதே. 1987 அக்டோபர் 19ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு சரிந்தது. அதனையொட்டிய மாதங்களில் டென்னிஸ் பொதுமக்களுக்காக நிர்வகித்த நிதியங்கள் ஏறத்தாழப் பாதி மதிப்பை இழந்தன. 1988இல் அவர் வணிகத்திலிருந்து விலகினார். ஆமைகளின் திட்டமும் அத்துடன் முடிந்தது.

இனி என் ஏட்டுக்கு வருகிறேன். 1996இல் நம் நாட்டில் பங்கு வாங்காதவரைக் காண்பது அரிது என்னுமளவுக்கு நிலைமை இருந்தது. நானும் கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையின் இரண்டாம் வாரியத்தில் இருந்த நிறுவனம் ஒன்றின் பங்குகள் இரண்டாயிரத்தை 6 ரிங்கிட் 20 காசு வீதம் வாங்கினேன். சேமிப்பு 15,000 ரிங்கிட். அதில் 12,400 ஒரே நிறுவனத்தில். விலை 10 விழுக்காடு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்று ஏட்டில் எழுதினேன். அப்போது ஆமைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. பின்னாளில் அவர்களுடைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பங்கு நாளுக்குச் சுமார் 15 காசு அலைந்தது. இருமடங்கு 30 காசு. என் சேமிப்பில் 2 விழுக்காடு 300 ரிங்கிட். ஆக, நான் வாங்கியிருக்க வேண்டியது ஆயிரம் பங்குகள் மட்டுமே.

1997 பிப்ரவரியில் கோலாலம்பூர்க் குறியீடு 1,271 புள்ளிகளைத் தொட்டது. மார்ச்சு மாத இறுதியில், சொத்துடைமைக்கும் பங்கு வாங்குவதற்கும் வங்கிகள் வழங்கும் கடனுக்கு வரம்பு விதிக்கப்படும் என நடுவண் வங்கி அறிவித்தது. என் பங்கு 5 ரிங்கிட் 58 காசைத் தாண்டி இறங்கியது அந்த நாள்களில்தான். நான் விற்கவில்லை. ரப்பரை எடுத்து 10ஐ அழித்துவிட்டு 20 என்று எழுதினேன். மாணவர் கணக்கில் இப்படித் திருத்தினால் என்ன செய்வேன் என்பதை என்னிடம் பயின்றோர் அறிவார்கள். ஜூலை 2இல் தாய்லாந்து பாட் நாணயம் மிதக்கவிடப்பட்டது; அதே மாதம் ரிங்கிட்டும் தொடர்ந்தது. ஒரு டாலருக்கு 2.50 அளவில் இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை வீழ்ந்தது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் குறியீடு 262 புள்ளிகள். ஐந்தில் நான்கு பங்கு மதிப்பு போய்விட்டிருந்தது. என் பங்கு 60 காசுக்கு வந்திருந்தது. அழிப்பதற்கு அப்போது ஏட்டில் எண் எதுவும் இல்லை.

விதியைக் காத்தவர் ஒருவரையும் நான் அறிவேன். சிங்கப்பூரில் இருந்த என் அத்தான் ஒருபோதும் ஒரு நிறுவனத்தில் சேமிப்பின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போட்டதில்லை. குறித்த விலை வந்தால் மறுபேச்சின்றி விற்றுவிடுவார். 1998இல் அவரிடம் ஒரு மலேசிய நிறுவனத்தின் பங்கு மட்டுமே எஞ்சியிருந்தது. அதை அவர் ‘குளோப்’ எனப்பட்ட சிங்கப்பூரின் வெளிச்சந்தை வழியாக வாங்கியிருந்தார். அந்தச் செப்டம்பரில் மலேசியா கொண்டுவந்த கட்டுப்பாடுகளால் குளோப் சந்தையே நின்றுபோயிற்று. 112 மலேசிய நிறுவனங்களின் பங்குகள், ஏறத்தாழ 172,000 முதலீட்டாளர்களின் கைகளில் அப்படியே முடங்கின. வெளியேற வேண்டிய விலையைக் குறித்து வைத்திருந்தும் பயனில்லை. வெளியேறுவதற்கு வாயில் இல்லை. ஓய்வூதியத்தை முழுமையாக அதில் போட்டவர்கள் பட்ட பாட்டை அக்காலத்துச் செய்தித்தாள்களில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தானுக்கு முடங்கியது சேமிப்பில் இருபதில் ஒரு பங்கு. அவருடைய மற்ற விதிகளெல்லாம் செயலற்றுப் போன அந்த நாளில் அவரைக் காத்தது, எவ்வளவு வாங்குவது என்னும் அந்த ஒரு விதிதான்.

இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து, 2000ஆம் ஆண்டு தொடங்கி அப்பங்குகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. தம் முறை வந்த முதல் நாளிலேயே அத்தான் விற்றுவிட்டார். என்ன விலைக்குப் போயிற்று என்று தொலைபேசியில் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.