பாட்டரிக்குக் குளிரெடுத்தால்

ஸ்ரீரங்கத்து மொட்டை மாடிகளில் வெயில் காய்கிற சாமான்கள் பல. வடகம் காயும், நார்த்தங்காய் காயும், மிளகாய் வற்றல் காயும். ஒரு காலத்தில் இவற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் காய்ந்துகொண்டிருக்கும். டார்ச் விளக்கிலிருந்து கழற்றிய இரண்டு பாட்டரிக் கட்டைகள்.

மார்கழி மாதத்தில் விடியுமுன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு டார்ச் விளக்கு இல்லாமல் முடியாது. பத்து நாளில் வெளிச்சம் மஞ்சளடித்துவிடும். கட்டைகளைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. பகலில் வெயிலில் வைத்து எடுத்தால் இன்னும் இரண்டு நாள் எரியும். "கட்டைக்குக் குளிர் விட்டுப் போச்சு" என்பாள் பாட்டி. குழந்தைகளாகிய நாங்கள் சிரிப்போம். இரும்புத் தகடு சுற்றிய கட்டைக்குக் குளிராவது, ஜுரமாவது!

பாட்டி சொன்னது சிரிக்க வேண்டிய விஷயமல்ல என்பது வெகு காலத்துக்குப் பிறகு, எங்கள் அண்டை வீட்டு மாமா பத்ரிநாதம் போய்வந்தபோது தெரிந்தது.

பத்ரி நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் மீட்டருக்கு அதிகமான உயரம். பனிக்காலத்துக்குக் கோயிலை மூடுவதற்குச் சில தினங்களே இருந்த ஐப்பசி மாதத்தில் மாமா போய்ச் சேர்ந்தார். தரிசனம் முடிந்து வெளியே வந்தவர் கோஷ்டியைத் தவறவிட்டுவிட்டார். இரவு ஏறிக்கொண்டிருந்தது. அறுபது சதவிகிதம் காட்டிக்கொண்டிருந்த செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். உடனே அது அணைந்து போயிற்று. தங்கும் விடுதியின் பெயரும் விலாசமும் அதற்குள்ளேதான் இருந்தன. இங்கே ஸ்ரீரங்கத்தில் மாமி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நடுநிசியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அவர் போன் அடங்கிப் போச்சுப்பா" என்று அவள் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அங்கே மாமா ஒரு டீக்கடைக்குள் நுழைந்து, எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் செல்போனைக் கொண்டுபோனாராம். கடைக்காரர் பதறிக் கையைப் பிடித்து விலக்கினார். போனை வாங்கி மாமாவின் சட்டைக்குள், மார்போடு சேர்த்து வைத்து, ஸ்வெட்டரை இழுத்து மூடிவிட்டு, ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்தார். அரைமணி கழித்துப் போன் உயிர்த்தது. ஐம்பதுக்கு மேல் காட்டியது! மின்சாரம் எங்கேயும் போய்விடவில்லை. உறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பாட்டரி என்பது மின்சாரம் நிரப்பிய குடமல்ல. அது ஓர் அடுப்பு. உள்ளே ரசாயனப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது. இத்தாலியரான வோல்ட்டா 1800ல் தாம் கண்டுபிடித்த மின்கல அடுக்கைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தார். துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவே உப்பு நீரில் நனைத்த அட்டை. அதிலிருந்து இன்றுவரை எல்லாப் பாட்டரிகளுக்கும் இலட்சணம் ஒன்றே: இரண்டு தகடு, நடுவே ஓர் ஊடகம். ரசாயன மாற்றம் உஷ்ணத்தில் துள்ளும், குளிரில் சோம்பும். குளிரக் குளிர ஊடகமும் குளிர்காலத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி தடித்துப்போகிறது. மின்னூட்டத்தைச் சுமந்து நீந்த வேண்டிய துகள்கள் தடுமாறுகின்றன. பாட்டரியின் அழுத்தம் சரிகிறது. அழுத்தம் சரிந்ததைப் பார்த்த செல்போன், கையிருப்புத் தீர்ந்தது என்று தப்பாக எண்ணிக் கடையைக் கட்டிவிடுகிறது. பத்ரியில் நடந்தது இதுதான்.

எங்கள் டார்ச்சுக் கட்டையின் பூர்வீகம் பிரான்சில். லெக்லாஞ்சே என்பவர் 1866ல் செய்த மின்கலம் அதன் மூதாதை. துத்தநாகம், கரிக்குச்சி, மாங்கனீஸ், நவச்சாரம் - எல்லாம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குப் போலிருக்கும். பின்னால் ஜெர்மனியில் நவச்சாரக் கரைசலைக் கூழாக்கி அடைத்து உலர் மின்கலமாக்கினார்கள். அது நடுத்தரச் சீதோஷ்ணத்துக்குப் பிறந்த சாதனம். வெப்ப நாடுகளில் கிடப்பிலேயே கெட்டுப்போகும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெப்ப மண்டலத்தில் போரிட்ட அமெரிக்கப் படைகளுக்கு இது பெரிய தலைவலியாயிற்று. ஸாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர் பாதரசத்தைக் கொண்டு வேறொரு மின்கலம் செய்து கொடுத்தார். அது உஷ்ணத்தைத் தாங்கியது. ஆனால் குளிர் கண்டால் அதற்கு ஆகாது. வெயிலுக்குச் செய்த செருப்பு பனிக்கு உதவாத கதைதான்.

யுத்தம் முடிந்து ஐந்தே வருஷங்களில் குளிர் தன் பங்குக்குப் பாடம் நடத்தியது. 1950 நவம்பர் டிசம்பரில் கொரியாவின் சோஸின் ஏரிப் பகுதியில் அமெரிக்கப் படைகள் சீனப் படைகளால் சூழப்பட்டன. இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கும் இறங்கியது. ரேடியோப் பாட்டரிகள் ஓய்ந்தன. காயம்பட்டவர்களுக்கு ஏற்ற வேண்டிய ரத்தத் திரவம் புட்டியிலேயே உறைந்தது. வைத்தியச் சிப்பந்திகள் வலி நிவாரண ஊசி மருந்துக் குழல்களை வாயில் அடக்கிக்கொண்டு உருக்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில் கொரியாவில் நமது 60வது பாராசூட் ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் நம் பக்கத்து மனிதர். பெயரிலேயே அரங்கன் இருக்கிறான். ஊசி மருந்தானாலும் பாட்டரியானாலும், அந்தப் பிரதேசத்தில் மனித உடம்பின் கதகதப்பைவிடச் சிறந்த மருந்து கிடையாது என்று தெரிந்தது. பத்ரி டீக்கடைக்காரர் செய்ததும் அதே வைத்தியந்தான்.

'இதெல்லாம் இருக்கட்டும், திருச்சிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர்கள் கேட்கலாம். மார்கழி விடியலில் இருபது டிகிரிக்கு வந்துவிட்டாலே மப்ளர் சுற்றிக்கொள்கிற ஊர் இது. ஆனால் திருச்சிக்கும் கடுங்குளிர் உண்டு. தூரமுமில்லை, சுமார் பதினாறு கிலோமீட்டர். தரையில் போனால் அது திருவெறும்பூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். தலைக்கு நேர் மேலே போனால், காற்று பூஜ்யத்துக்குக் கீழே எழுபத்தைந்து, எண்பது டிகிரியில் இருக்கும். வானிலை இலாகாவினர் பறக்கவிடுகிற பலூன்கள் இந்தக் குளிரைக் கடந்துதான் மேலே போகின்றன. அவற்றில் மக்னீஷியப் பாட்டரிகளைக் கட்டி அனுப்புவதுண்டு. தண்ணீரில் நனைத்தவுடன் அவை வேலை செய்ய ஆரம்பிக்கும். வேலை செய்யும்போது தாமே உஷ்ணத்தையும் உண்டாக்கிக்கொள்ளும். தன் கணப்பைத் தானே கொண்டுபோகிற யாத்ரீகர் அவை.

மக்னீஷிய மின்கலங்களைப் பற்றி வெகு காலம் ஆராய்ச்சி செய்தவர்கள் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணத்தில், காரைக்குடியில் இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ந் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். மார்கழி முடிந்து தை பிறக்கிற வேளை! செட்டிநாட்டு வெயிலில் பாட்டரிகளின் சுகதுக்கங்களை ஆராய ஒரு நிலையம் வந்தது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற திசையில் மாத்தூரில் இன்னொரு ஸ்தாபனம் இருக்கிறது. சேஷசாயி குழுமத்தைச் சேர்ந்த ஹை எனர்ஜி பாட்டரீஸ் கம்பெனி, 1961ல் பதிவானது. இங்கே வெள்ளியும் துத்தநாகமும் சேர்ந்த பாட்டரிகள் தயாராகின்றன. விமானங்கள், கடற்படையின் டார்ப்பிடோக்கள், ராக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் அவை போகின்றன. 1957ல் ருஷ்யர்கள் விட்ட முதல் ஸ்புட்னிக் இருபத்தொரு நாள் கூவியதும் இதே ஜாதிப் பாட்டரியின் பலத்தில்தான். சிறு எடையில் பெரும் சக்தி தரும். கடுங்குளிர் மட்டும் அதற்கும் பிடிக்காது. ஆகவே சிலவற்றில் உள்ளேயே சூடேற்றும் கம்பி வைத்து, எழுப்பிவிட்ட பிறகே வேலை வாங்குகிறார்கள்.

மோட்டார் வண்டிகளில் இருப்பது ஈயப் பாட்டரி. பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859ல் செய்தது. இதனிடம் ஒரு விசித்திர குணம் உண்டு. முழுக்கச் சார்ஜ் ஏறியிருக்கும்போது உள்ளே கந்தகத் திராவகம் கெட்டியாக இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே அறுபது டிகிரியில்கூட லேசில் உறையாது. சார்ஜ் இறங்க இறங்கத் திராவகம் நீர்த்து வெறும் ஜலத்தை நெருங்குகிறது. அடியோடு தீர்ந்த பாட்டரி பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வாக்கிலேயே உறைந்து, பெட்டி விரிசல்விட்டுப் போகும். உறைந்ததை உருக்காமல் சார்ஜ் ஏற்றினால் வெடிக்கவும் கூடும். லடாக்கில் லாரி ஓட்டுகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்னை. பசித்தவனைத்தான் குளிர் முதலில் பிடிக்கும் என்பது மனிதர்களுக்கு மட்டும் உள்ள நியாயமல்ல.

அதற்கும் மேலே சியாச்சின் பனிப்பாறை. 1984 ஏப்ரல் 13ந் தேதியிலிருந்து நம் ராணுவம் அங்கே காவல் நிற்கிறது. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி. 2016 பிப்ரவரியில் அங்கே பனி சரிந்து மதராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாளத்து ஜவான்கள் பத்துப் பேரை நாம் இழந்தோம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ரேடியோப் பெட்டி பேச வேண்டும், விளக்கு எரிய வேண்டும். பாட்டரிக்குக் குளிரெடுக்கிறதா என்ற கேள்வி வெயில் ஊரில் உள்ள நமக்கும் வீட்டு விஷயமாவது இங்கேதான்.

1991ல் லிதியம்-அயான் பாட்டரி கடைக்கு வந்தது. இன்று செல்போனிலும் ஸ்கூட்டரிலும் இருப்பது இதுவே. ஈயப் பாட்டரியைப்போல் இது சீக்கிரம் உறைந்து பிளப்பதில்லை. இதன் ஆபத்து வேறு மாதிரி. சார்ஜ் ஏற்றும்போது லிதியத் துகள்கள் நீந்திப் போய்க் கரித் தகட்டின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து உட்கார வேண்டும். பூஜ்ய டிகிரிக்குக் கீழே அந்தக் கதவுகள் மெதுவாகத்தான் திறக்கின்றன. நாம் அவசரப்பட்டுச் சார்ஜைச் செலுத்தினால், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் பரமபத வாசலில் முட்டி நிற்பதுபோல் துகள்கள் வெளியிலேயே குவிகின்றன. குவிந்தவை உலோகமாகப் படிந்துவிடும். சில சமயம் ஊசிமுனை போல் வளர்ந்து, நடுவிலுள்ள மெல்லிய திரையைத் துளைக்கும். துளைத்தால் உள்ளே மின்சாரம் குறுக்கே பாயும், தீப்பிடிக்கும். காயம் படுவது குளிரில். அது நெருப்பாக வெளிப்படுவது பின்னொரு நாளில், வெயில் ஊரிலும் இருக்கலாம். இதனாலேயே நல்ல செல்போன்களும் கார்களும் குளிர்ந்த பாட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் தாமே தடுத்துவிடுகின்றன. அடுப்பில் காட்டுவதோ அதைவிட மோசம். பாட்டியின் மொட்டை மாடி வைத்தியமும் இதற்கு ஆகாது. வெயிலும் இதன் ஆயுளைக் குறைக்கும். கட்டைக்குச் சரியாயிருந்தது செல்போனுக்குச் சரியல்ல.

மனிதன் பாட்டரியைக் கொண்டுபோன மகா குளிர்ப் பிரதேசம் சந்திரன். அங்கே பகல் நமக்குப் பதினான்கு நாள். இரவும் பதினான்கு நாள். இரவின் குளிர் சில இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு டிகிரி. 1970ல் ருஷ்யர்கள் அனுப்பிய லுனகோத் வண்டி, பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கணப்புச் சட்டியாக வயிற்றில் வைத்துக்கொண்டு, இரவில் மூடியைச் சாத்திக்கொண்டு உறங்கிப் பல மாதங்கள் பிழைத்தது.

2023 ஆகஸ்ட் 23ந் தேதி நமது விக்ரம் கலம் சந்திரனின் தென்பகுதியில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். மேற்படிப்பில் ஒரு பகுதியை நம் திருச்சியில், துவாக்குடி பொறியியல் கல்லூரியில் படித்தவர். விக்ரமிடம் கணப்புச் சட்டி இல்லை. ஒரு சந்திரப் பகல் உழைப்பதற்கென்றே அதைச் செய்தார்கள். அந்தப் பகல் முடியுமுன், செப்டம்பர் 2ந் தேதி பிரக்யான் வண்டியையும், 4ந் தேதி விக்ரமையும் உறங்கவைத்தார்கள். வண்டியின் பாட்டரியில் முழுச் சார்ஜ் இருந்தது. மறு சூரியோதயத்தின் வெளிச்சம் தகட்டில் படும்படி திசையும் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். வயிறு நிறையச் சோறு போட்டு, கிழக்கு ஜன்னல் அருகில் படுக்கவைத்த மாதிரி! செப்டம்பர் 22ந் தேதி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. பல நாள் கூப்பிட்டும் வரவில்லை. தன் வேலையை முடித்துவிட்டுத்தான் அது உறங்கியது. இருந்தாலும் எழுந்திருக்காதா என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன். நடுநிசியில் மாமி கதவைத் தட்டிய ஞாபகம் அன்று எனக்கு வந்தது.

இருநூறு வருஷத்துச் சரித்திரம் சொல்லும் பாடம் சிறியது. குளிர் தானாகப் பாட்டரியைக் கொல்வது அபூர்வம். பசியோடு குளிரில் விடுவதும், குளிர்ந்ததை அவசரப்பட்டுச் சீண்டுவதுமே ஆபத்து. முதலில் வயிறு நிறைக்க வேண்டும். பிறகு போர்த்த வேண்டும். எழுப்புமுன் கதகதப்பு வரக் காத்திருக்க வேண்டும்.

கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்துவார்கள். அதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம் வேறு. எனக்கென்னவோ, மார்கழி பிறக்குமுன்பே போர்த்திவிடுகிற பரிவுதான் கண்ணில் படுகிறது.

மாமா அடுத்தபடியாக முக்திநாதம் கிளம்பினார். அது பத்ரியைவிட உயரம். மாமி அவருடைய உள்சட்டையில் மார்புப் பக்கம் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். விடுதியின் விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி அதே பையில் வைத்தாள்.